அட்வான்ஸ் கொடுக்கும் முன்: முதல் மனை வாங்குபவருக்கு ஒரு பத்திர எழுத்தர் சொல்வது

மனை காட்டக் கூட்டிப்போகும் புரோக்கர் வண்டியைக் கிளப்பும்போதே கேட்டுவிடுவார்: "டோக்கன் போட ஏதாச்சும் கையில வெச்சிருக்கீங்ளா?" அந்தப் பத்தாயிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பணம் கைமாறிய நிமிடத்திலிருந்து நீங்கள் இடத்தைச் சோதிக்கிற ஆள் இல்லை. எடுத்துவிட்ட முடிவுக்கு நியாயம் தேடுகிற ஆள்.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, முதலீட்டு ஆலோசகரும் இல்லை. என் மேஜைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகே வருகிறார்கள். விலை பேசியாயிற்று, அட்வான்ஸ் போயிற்று, நல்ல நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் "இந்தக் கையெழுத்து எங்கே?" என்று நான் கேட்டால் சகுனத்தடை மாதிரிப் பார்ப்பார்கள். அதனால் அட்வான்ஸுக்கு முந்தைய வேலையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பிந்தையது எளிது.

அடிப்படை இதுதான். ஒரே மனை மூன்று இடங்களில் இருக்கிறது. பதிவுத்துறையில் பத்திரமாக, வருவாய்த்துறையில் பட்டாவாக, தரையில் கல்லும் மண்ணுமாக. பத்திரம் பதிகிறவர் தரையைப் போய்ப் பார்ப்பதில்லை. பட்டா கொடுக்கிறவர் உங்கள் பழைய பத்திரங்களை எல்லாம் படிப்பதில்லை. மூன்றும் ஒரே ஆளை, ஒரே அளவை, ஒரே எல்லையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டியது வாங்குகிறவர் மட்டுமே. எந்த இரண்டு ஒத்துப்போகாவிட்டாலும் அங்கேயே நில்லுங்கள். காரணம் தெரிந்து, அது காகிதத்தில் சரியான பிறகு மேலே போகலாம்.

முதலில் கணக்கு

இடத்தில் போட்ட காசு நட்டமாகாது என்று வீட்டுக்கு வீடு சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி மனை, சதுர அடி 1,500 ரூபாய் என்றால் 18 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 9. அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு (கைடுலைன் வேல்யூ), பத்திரத்தில் எழுதும் விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இது கணக்காகும். இங்கே 1,62,000. வக்கீல், எழுத்துக்கூலி, அளவை, பட்டா மாறுதல், கல் நட்டுக் கம்பி வேலி போட என்று 28,000 வையுங்கள். ஆக மொத்தம் 19 லட்சத்து 90 ஆயிரம்.

ஐந்து வருடம் கழித்து 27 லட்சத்துக்கு விற்கிறீர்கள். "பதினெட்டுக்கு வாங்கி இருபத்தேழுக்குக் கொடுத்தேன், ஒன்றரை மடங்கு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் போகும். மீதி லாபத்தில் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், அதன்மேல் செஸ். கையில் நிற்பது சுமார் 25 லட்சத்து 84 ஆயிரம். வருடத்துக்கு வருடம் கூட்டு வட்டியாகப் பார்த்தால் ஐந்தரை சதவீதத்துக்கும் கீழே. நகர்ப்புறமாக இருந்தால் காலிமனை வரி வேறு கட்டியிருப்பீர்கள். காலி மனை வாடகையும் தராது.

மனை வாங்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விலை ஏறியே தீரும் என்ற ஒரே நம்பிக்கையில் கடன் வாங்கி வாங்காதீர்கள். ஒன்பது சதவீத வட்டிக்கு வாங்கி ஐந்தரை சதவீதம் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு அவசரமாக விற்க வந்தபோதுதான் அவர்களுக்கே அது தெரிந்தது. இடத்தை நினைத்த நாளில் விற்க முடியாது. ஏழெட்டு வருடம் தொட வேண்டியிராத பணமாக இருக்கட்டும்.

கையில் ஐம்பதாயிரம்தான் இருக்கிறது, ஆனாலும் இதில் இறங்க வேண்டும் என்கிறவர்களுக்கு ரீட் என்று ஒன்று இருக்கிறது. அலுவலகக் கட்டடங்கள், வணிக வளாகங்களின் வாடகையைப் பங்கு பிரித்துத் தரும் யூனிட்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2014-ல் விதிகள் கொண்டுவந்தது. முதலில் 2019-ல் எம்பசி என்ற ரீட் பங்குச் சந்தையில் பட்டியலானது. பங்குகளைப் போலவே வாங்கி விற்கலாம். பத்திர எழுத்தருக்கு அதில் வேலை இல்லாததால் இதோடு விடுகிறேன்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாதத் தவணை கட்டினால் கடைசியில் மனை கிடைக்கும் என்ற திட்டங்கள். நிலத்தின் பேரைச் சொல்லிப் பணம் திரட்டிய பிஏசிஎல் நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று 2014-ல் செபி உத்தரவிட்டது. அதற்காக உச்ச நீதிமன்றம் 2016-ல் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. எந்தப் புல எண் (சர்வே நம்பர்), எந்த மனை எண் என்று எழுதாத ரசீதுக்குப் பணம் கட்டாதீர்கள்.

வில்லங்கம் போட்டுப் பார்ப்பது

விற்பவரிடம் மூன்றே விவரம் கேளுங்கள்: கிராமத்தின் பெயர், புல எண் உட்பிரிவோடு, அவர் பெயரில் இருக்கும் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும். இதைத் தரத் தயங்குகிறவரோடு மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது அந்த இடத்தின்மேல் பதிவான பரிமாற்றங்களின் பட்டியலை, நாம் ஈசி என்கிறோமே அதை, காசில்லாமல் பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும்.

முப்பது வருடம் பார்ப்பது வழக்கம். பூர்வீகச் சொத்தாக இருந்தால் அதற்கும் பின்னால் போவது நல்லது. இதில் புதியவர்கள் தவறவிடும் இடங்கள் சில உண்டு.

இன்று 145/3ஏ2 என்று இருப்பது இருபது வருடத்துக்கு முன் 145/3 ஆக இருந்திருக்கும். இன்றைய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், பெரிய நிலமாக இருந்தபோது யாரோ வைத்த அடமானம் கண்ணில் படாமல் போகலாம். தாய் எண்ணையும் போட்டுத் தேடுங்கள். அடுத்தது, கிராமங்கள் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுவது உண்டு. இப்போதைய அலுவலகத்தில் மட்டும் தேடினால் மாறுவதற்கு முந்தைய பதிவுகள் விடுபடக்கூடும். பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகம் என்று இருக்கும். அதைப் பார்த்து அங்கேயும் தேட வேண்டும்.

ஈசியில் ஒவ்வொரு வரிசையும் ஒரு பரிமாற்றம். எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், தன்மை, புல எண், விஸ்தீரணம். ஒரு வரிசையில் வாங்கியவர் அடுத்த வரிசையில் கொடுத்தவராக வர வேண்டும். முத்துசாமி வாங்கினார், அடுத்த வரியில் பழனியம்மாள் விற்கிறார் என்றால் நடுவில் ஒரு பத்திரமோ ஒரு சாவோ இருக்கிறது. எது என்று கேளுங்கள். அடமானம் இருந்தால் அதற்கு ரசீது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்; கடன் கட்டி முடித்தும் ரசீதைப் பதியாமல் விட்டவர்கள் ஏராளம். கிரய ஒப்பந்தம் ஒன்று போட்டு ரத்தாகாமல் நின்றால் அது சாதாரண விஷயமில்லை. இதே இடத்துக்கு வேறொருவர் வழக்குப் போடக் கூடும்.

ஈசி சுத்தமாக இருக்கிறது என்றால் எல்லாம் சுத்தம் என்று ஆகிவிடாது. பதியாத உயில், வாய்மொழிப் பாகம், நடந்துகொண்டிருக்கும் பல வழக்குகள், மூலப் பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்து எழுத்தில்லாமல் வாங்கிய கடன், இவை ஈசியில் வராது. முன்பு பவர் பத்திரங்களை, அதாவது தனக்காக விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரங்களை, தனிப் புத்தகத்தில் பதிந்ததால் பழைய பவர்களும் வராது. மூலப் பத்திரத்தின், அதாவது விற்பவருக்கு இடம் வந்த பழைய பத்திரத்தின் (தாய்ப்பத்திரம் என்பதும் இதுதான்), அசலைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஜெராக்ஸையே மூன்றாவது முறையாகக் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சொத்தின்மேல் கொடுத்த கடனைப் பதிந்துவைக்கும் செர்சாய் பதிவகத்தில் சிறு கட்டணத்தில் தேடலாம். விற்பவர் பெயரைப் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கும் தேடலாம்.

தாய்ப்பத்திரமும் குடும்பமும்

என் அனுபவத்தில் மனை வழக்குகளில் பெரும்பகுதி போலிப் பத்திரத்தால் வருவதில்லை. கையெழுத்துப் போடாத ஒரு வாரிசால் வருகிறது.

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சம பங்காகப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள் மூவரையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். நான்காவது ஆளை மறந்துவிடுவார்கள்: இறந்தவரின் தாய். மகன் இறந்தபோது தாய் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பின்னால் அந்தத் தாயும் இறந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது இறந்தவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் உள்ளே வருவார்கள். வாரிசுச் சான்றில் இறப்புத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இது தானாகத் தெரியும்.

பூர்வீகச் சொத்தென்றால் மகள்களின் கையெழுத்து கட்டாயம் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை வந்தது. 2005 திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற சண்டையை 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது. "அக்காவுக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சுங்க, அவ கேக்க மாட்டா" என்று விற்பவர் சொன்னால், "கேட்க மாட்டாரென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதில் என்ன சிரமம்?" என்று நான் கேட்பேன். அக்காவே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் நல்லது. கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், இஸ்லாமியர்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம். பங்குகள் வேறு, எச்சரிக்கை ஒன்றுதான்.

பிள்ளை மைனராக இருந்தபோது அப்பாவோ அம்மாவோ அவன் பங்கை விற்ற பத்திரம் சங்கிலியில் இருந்தால் நீதிமன்ற அனுமதி இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பிள்ளை 18 முடிந்த பின் மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

பவர் வைத்திருப்பவர் விற்க வந்தால் இன்னும் கவனம். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், பவரை ரத்து செய்திருக்கக் கூடாது. உயிரோடு இருப்பதற்கான சான்று பதிவின்போது கேட்பார்கள். காகிதம் போதும் என்று விடாமல், கொடுத்தவரோடு போனிலாவது ஒருமுறை பேசிவிடுங்கள். "பவர் எழுதி வாங்கிக்கிட்டா போதும், பதிவுச் செலவு மிச்சம்" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். பவரும் ஒப்பந்தமும் உரிமையை மாற்றாது, பதிவான கிரயப் பத்திரம்தான் மாற்றும் என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு வக்கீலிடம் கொடுத்து எழுத்தில் லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம். நீங்களே ஒருமுறை படித்துவிட்டுப் போனால் சரியான கேள்வி கேட்பீர்கள்.

பட்டா சொல்வதும் சொல்லாததும்

வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் பட்டா, 'அ' பதிவேடு, நிலத்தின் எல்லையும் அளவும் வரைந்த புலப்படம் மூன்றையும் எடுக்கலாம். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது? விற்பவர் பெயரா, அவர் தாத்தா பெயரா, பத்துப் பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவா? கூட்டுப் பட்டாவில் எந்த மூலை யாருடையது என்று பட்டா சொல்லாது. பாகப்பிரிவினைப் பத்திரம்தான் சொல்லும். அது இல்லையென்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏரில் இருக்கும். பத்திரத்தில் சென்ட்டிலோ சதுர அடியிலோ இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். கால்குலேட்டரை எடுத்து மாற்றிப் பாருங்கள். பத்திரத்தில் பன்னிரண்டு சென்ட், பட்டாவில் பத்து சென்ட்டுக்குச் சமமான ஏர் என்றால் இரண்டு சென்ட்டுக்கு நீங்கள் கொடுக்கும் காசு காற்றுக்கு.

1979-லிருந்து 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் கணக்கெடுப்பில் பெயரும் அளவும் உட்பிரிவும் மாறிப்போன பதிவுகள் ஊர் ஊராக இருக்கின்றன. அண்ணன் நிலம் தம்பி பெயரிலும், மேற்கு நிலம் கிழக்கு எண்ணிலும் ஏறியிருக்கும். முப்பது நாற்பது வருடமாக யாரும் விற்காததால் யாருக்கும் தெரியாது. நீங்கள் வாங்கப் போகும்போதுதான் வெளியே வரும். விற்பவரே யுடிஆர் திருத்தம் வாங்கித் தரட்டும். "நீங்க வாங்கிட்டு மாத்திக்கலாங்க" என்பதற்குத் தலையாட்டாதீர்கள்.

'அ' பதிவேட்டில் நிலத்தின் வகை இருக்கும். ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா (அரசு நிலம்), நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்று. ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கோயில் நிலமா என்று கேளுங்கள். அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியில்லாமல் விற்ற கோயில் நிலத்தின் கிரயம் செல்லாது. அரசு ஒப்படை செய்த, அதாவது நிபந்தனையோடு ஒதுக்கிக் கொடுத்த, நிலமென்றால் ஒப்படை ஆணையின் நிபந்தனைகளைப் படியுங்கள். பஞ்சமி நிலம் தனி. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கைக்குப் பின் 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த நிலம் அது. முதல் பத்தாண்டு விற்கவே கூடாது. பிறகும் அந்தப் பிரிவினருக்கே விற்கலாம். மற்றவர் கைக்குப் போன கிரயம் எத்தனை பத்திரம் மாறியிருந்தாலும் நிற்காது. இது இன்றைய பட்டாவில் தெரியாமல் போகலாம், பழைய நிலவரிப் பதிவேட்டில்தான் தெரியும். தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் கேளுங்கள். சட்டத்தை விடுங்கள், அந்த நிலம் யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களிடம் இருக்க வேண்டியது.

தரை

பத்திரத்தில் செக்குபந்தி என்று நான்கெல்லை எழுதுவோம். "ராமசாமி நிலத்துக்கு வடக்கு, 23 அடி அகல தென்வடல் ரோட்டுக்குக் கிழக்கு" என்று போகும். கூடவே அளவு: கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 40 அடி. இந்தப் பத்தியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். புரோக்கர் இல்லாமல் போங்கள். திசைகாட்டி போனிலேயே இருக்கிறது. பத்திரப்படி மனைக்குத் தெற்கில் உண்மையிலேயே ராமசாமி நிலம்தான் இருக்கிறதா? டேப் பிடித்து அளந்தால் 40 வருகிறதா, 38-ல் பக்கத்து வீட்டுச் சுவர் வந்துவிடுகிறதா?

தமிழ்நாடு அரசின் டிஎன்ஜிஐஎஸ் இணைய வரைபடத்தில் புல எண் எல்லைகளைப் பார்க்கலாம். நிற்கிற இடம் எந்தப் புல எண் என்று குத்துமதிப்பாகத் தெரியும். அடி கணக்குக்கு அதை நம்ப முடியாது. புலப்படத்தை வைத்து நில அளவரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள், கல் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டிய இடம் ஒன்று, எழுதிய எண் வேறு என்பது நடக்கக் கூடியது. எல்லோரும் நேர்மையாக இருந்தும் நடக்கும்.

பாதையில் கண் இருக்கட்டும். மெயின் ரோட்டிலிருந்து மனை வரை நடந்து வந்த தடம் யாருடையது? புலப்படத்தில் வண்டிப்பாதை என்று இருக்கிறதா, மனைப்பிரிவு ரோடா, அல்லது பக்கத்துத் தோட்டக்காரர் இன்று வரை விட்டுக்கொடுத்திருக்கும் வரப்பா? "மாமூல் தடத்தில் போக வர பாத்தியம்" என்று பத்திரத்தில் எழுதச் சொல்வார்கள். எழுதலாம், ஆனால் அந்தத் தடம் விற்பவருக்கே பாத்தியமாக இருந்தால்தான் அவர் உங்களுக்குக் கொடுக்க முடியும். அவருடைய தாய்ப்பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "இந்த இடம் யாருதுங்கம்மா?" என்று கேளுங்கள். ஈசியில் இல்லாத வழக்கு அங்கே தெரியும். மழைக்காலத்தில் ஒருமுறை போவதும் உதவும். கோடையில் மேடாகத் தெரியும் மனை ஐப்பசியில் குட்டையாக நிற்பதைப் பார்க்கலாம்.

அப்ரூவல்

மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சிஎம்டிஏ (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை). "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று போர்டில் போட்டிருந்தால் அது மனைப்பிரிவு அனுமதி ஆகாது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் 2017-ல் அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன, 20.10.2016-க்கு முன் பிரிந்த மனைகளுக்கு. பழைய மனை வாங்கினால் வரன்முறை ஆணை மனைக்கும் இருக்கிறதா, மனைப்பிரிவுக்கும் இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். இல்லாவிட்டால் வீடு கட்ட அனுமதியோ வங்கிக் கடனோ கிடைப்பது கடினம்.

புதிய மனைப்பிரிவென்றால் 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருந்தால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். டிஎன்ரெரா தளத்தில் எண்ணைப் போட்டு அனுமதி வரைபடத்தை எடுத்து, நோட்டீஸில் அச்சடித்த படத்தோடு ஒப்பிடுங்கள். அனுமதிப் படத்தில் பூங்காவாக இருக்கும் இடம் நோட்டீஸில் மனை எண்ணோடு நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகக் கொடுத்தாயிற்றா என்று கேட்டு அந்தப் பத்திர எண்ணையும் வாங்குங்கள். ஒப்பந்தம் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க புரமோட்டருக்கு உரிமையில்லை.

இனி அட்வான்ஸ்

மேலே சொன்னதெல்லாம் ஒத்துவந்தால் ஒப்பந்தம் போடுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வீட்டில் வைப்பது போதாது. எவ்வளவு நாளில் கிரயம், பட்டா திருத்தம் யார் பொறுப்பு, அளவு குறைந்தால் விலை எப்படிக் குறையும், மூலத்தில் பிசகு இருந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், இந்த நான்கும் அதில் இருக்கட்டும். பணம் வங்கி வழியாகவே போகட்டும். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரைப் பாருங்கள்.

"கைடுலைன் வேல்யூவுக்கே பத்திரம் போட்டுக்கலாங்க்கா, மிச்சத்தக் கையில குடுத்தர்றோம்" என்று இரண்டு தரப்பும் சேர்ந்து என்னிடம் கேட்பார்கள். முத்திரையில் மிச்சமாவது உண்மை. நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை அந்தக் குறைந்த தொகையாகவே நிற்கும். இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள். கிரயம் ரத்தாகும் நிலை வந்தாலும் பத்திரத்தில் இருக்கும் தொகையைத்தான் கேட்க முடியும். கொடுத்த விலையையே எழுதுங்கள். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சின்ன மனைக்கு அது உதவும்.

பதிவுக்கு முதல் நாள் மாலை ஈசியை மறுபடியும் போடுங்கள். நடுவில் ஏதாவது ஏறியிருக்கலாம். நான் எழுதிய வரைவை முந்தின நாளே கேட்டு வாங்கி, புல எண், உட்பிரிவு, செக்குபந்தி, அளவு, தாய்ப்பத்திர எண், பெயர்களின் எழுத்து, எல்லாவற்றையும் விரல் வைத்துப் படியுங்கள். எழுத்தர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். பிழைதிருத்தல் பத்திரம் போடுவது பின்னால் எளிதில்லை. அப்போது விற்றவர் மறுபடியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துப் பத்திரத்தைப் பீரோவில் வைப்பவர்கள்தான் அதிகம். உட்பிரிவு இல்லாமல் முழு எண்ணும் கைமாறினால் பட்டா மாறுதல் பெரும்பாலும் தானாகவே நடக்கும். மனைப்பிரிவு மனைக்கு உட்பிரிவு செய்ய வேண்டும், நில அளவர் வர வேண்டும், அதற்கு மனுவும் கட்டணமும் நீங்கள் போட வேண்டும். பட்டா உங்கள் பெயருக்கு வந்த பின் அதையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நான்கு மூலையிலும் கல் நட்டுக் கம்பி கட்டுங்கள். வெளியூரில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பாருங்கள். வருடம் ஒருமுறை உங்கள் எண்ணுக்கு நீங்களே ஈசி போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை, செலவும் கிடையாது. நீங்கள் எழுதாத ஏதாவது அதில் வந்திருந்தால் அன்றைக்கே மாவட்டப் பதிவாளருக்கு மனுவும், காவல் நிலையத்தில் புகாரும் கொடுங்கள்.